சனிக்கிழமைக் களிமண் வகுப்பு

களிமண் வகுப்பு நடத்துகிறவளுக்கு நகம் வளர்க்கும் பாக்கியமும் வெள்ளைச் சட்டை போடும் பாக்கியமும் கிடையாது; அதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். ஒரு மாணவர் என் முகத்தைப் பார்த்து, "இப்ப நான் என்ன செய்ய, மிஸ்?" என்று கேட்பார். "உங்களுக்கு என்ன தோன்றுதோ அதைச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். சித்திரமோ சங்கீதமோ சமையலோ, எதையாவது கற்பித்துப் பாடுபடுகிற என் தோழர்களே, வாயை மூடிக்கொண்டு நிற்பதில் உள்ள வேதனையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

என் வகுப்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒரு லேனில், எங்கள் வீட்டுக் கராஜில் நடக்கிறது. இரண்டு சக்கரங்கள், ஒரு நீள மேசை, மூலையில் கரண்டில் சுடுகிற ஒரு சூளை. ரயில் போகும்போது மேசையிலுள்ளதெல்லாம் மெல்ல நடுங்கும். சனிக்கிழமை பின்னேரங்களில் நாலு பேர் வருகிறார்கள். பம்பலப்பிட்டியிலிருந்து திலகா அன்ரி. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கொட்டாஞ்சேனையிலிருந்து பெனடிக்ட் அங்கிள். துறைமுகத்தில் பாரந்தூக்கும் கிரேன் ஓட்டியவர். பக்கத்து லேனிலிருந்து பர்ஸானா. கல்யாணப் பெண்களுக்கு மருதோண்டி போடுகிறவர். ஹெவ்லொக் டவுனிலிருந்து கவின். கம்பியூட்டர் கம்பெனியில் வேலை. இனிச் சொல்லப் போவதெல்லாம் பெரும்பாலும் இந்த நாலு பேரையும் பற்றித்தான்.

எந்தச் சோதினைக்கு?

இவர்கள் வருவதற்கு முன் வந்தவர் ஒரு தாய். வெள்ளவத்தையில் 'வகுப்பு' என்று பலகை மாட்டினால் அது கணிதமாக இருக்கும், இல்லாவிட்டால் பௌதிகமாக இருக்கும். என் பலகையைக் கண்டுவிட்டு மகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"இது எந்த கிரேட்டுக்கு, மிஸ்?"

"எந்த வயதும் வரலாம். பெரியாக்களும் வரலாம்."

"சிலபஸ் இருக்கோ?"

"அப்பிடி ஒண்டும் இல்லை. முதல்ல கையால செய்யப் பழகுவம். பிறகு சக்கரம். அதுக்குப் பிறகு அவையவை தங்களுக்கு விருப்பமானதைச் செய்யலாம்."

அவர் யோசித்தார். நாங்கள் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மகள் கையை உருவிக்கொண்டு மேசைப் பக்கம் போய்விட்டாள். அங்கே கிடந்த களிமண் உருண்டையில் சுட்டுவிரலை விட்டு மறுபக்கம் வரும்வரை துளைத்தாள். பிறகு அந்த ஓட்டையைக் கண்ணில் வைத்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தாய் கைலேஞ்சியால் அவளுடைய விரலைத் துடைத்துக்கொண்டே, மிகவும் நேர்மையாக, உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்: "சோதினை இல்லையெண்டா, பிள்ளை சரியாச் செய்யுதோ பிழையாச் செய்யுதோ எண்டு எனக்கு எப்பிடி மிஸ் விளங்கும்?"

பூவும் கொடியும்

பர்ஸானா முதல் நாள் வந்தபோதே எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஒவ்வொருவரும் தங்கள் சொந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிகிற எனக்கு, வழியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் வந்தால் எப்படி இருக்கும்? மருதோண்டிக் கூம்பைப் பிடித்துப் பழகிய கை. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, நிறம் சேர்த்து, கூர்மூக்குள்ள ஒரு போத்தலில் ஊற்றி அவருக்கென்றே எடுத்து வைத்தேன். அதால் தட்டில் கோடு போட்டால் மேடாக நிற்கும். சுட்ட பிறகும் கைக்குத் தட்டுப்படும்.

பர்ஸானா போத்தலை வாங்கி, ஒரு தட்டை எடுத்து, நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் விளிம்பு முழுவதும் பூவும் கொடியும் போட்டு முடித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினோம். நான் அதைத் தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வாசல் பக்க அலுமாரியில் வைத்தேன். அடுத்த கிழமை இன்னொன்று. அதற்கடுத்த கிழமை இன்னொன்று. நான் புகழப் புகழ அவர் போட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் சுட்டு எடுத்த தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

ஒரு சனிக்கிழமை, பாதி போட்ட கொடியை ஈரப் பஞ்சால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டார். "ஐயோ, ஏன் பர்ஸானா? நல்லாத்தானே வந்தது!" என்றேன். அவர் கோபப்படவில்லை. பஞ்சைப் பிழிந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், கிழமை முழுக்க மணப்பொண்ணுமார்ட கையில பூவும் கொடியும் போட்டுட்டுத்தான் வாறேன். கண்ண மூடினாலும் அதுதான் தெரியுது. ஒண்டுமே இல்லாத வெள்ளக் கிண்ணம் ஒண்டு செய்யத்தான் நான் இங்க வந்த. நீங்க சந்தோஷப்படுறீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் சொல்லாம இருந்த."

உடைய மாட்டேன் என்ற கிண்ணம்

கவினுக்கு வேறு வியாதி. களிமண்ணைத் தொடுவதற்கு முன் போனை ஒரு சின்ன மூன்றுகால் ஸ்டாண்டில் நிறுத்திவிடுவான். செய்வது கொஞ்சம், அதைப் படம் பிடிப்பது அதிகம். ஒருநாள் தான் செய்ததிலேயே திறமான கிண்ணத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தான். கவசம்போல் தடித்த சுவர் உள்ள, சாம்பல் நிறக் கிண்ணம்.

"இதை உடைக்கோணும், மிஸ். ஆனா வடிவா உடைக்கோணும்."

உடைந்த பாத்திரத்தைப் பொன்னிறப் பசையால் ஒட்டி, வெடிப்பையே அழகாகக் காட்டுகிற ஜப்பானிய முறையை எங்கேயோ பார்த்திருக்கிறான். நான் காரணம் கேட்டேன். "எனக்கெண்டு ஒரு ஸ்டைல் வேணுமெல்லோ. சும்மா கிண்ணத்தில ஒரு கதையும் இல்லை, மிஸ். உடைஞ்சு ஒட்டினதிலதான் கதை இருக்கு" என்றான். சரி, அவனுக்குத் தோன்றியதை அவன் செய்யட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கராஜ் சீமெந்துத் தரையில், முழங்கால் உயரத்திலிருந்து போட்டான். கிண்ணம் 'டக்' என்று துள்ளி, சக்கரத்துக்குக் கீழே உருண்டு போயிற்று. இடுப்பு உயரத்திலிருந்து போட்டான். துள்ளிப் போய்த் திலகா அன்ரியின் காலில் இடித்தது. அன்ரி காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டார். தலைக்கு மேலே தூக்கிப் போட்டான். தரையில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது, கிண்ணத்துக்கு ஒன்றுமில்லை. போன் எல்லாவற்றையும் பொறுமையாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெனடிக்ட் அங்கிள் எழுந்துபோய்த் தன் பையிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். ஒட்ட முடியுமா என்று என்னிடம் கேட்பதற்காகக் கொண்டுவந்த உடைந்த கப் அது. அதைக் கவினின் கையில் வைத்துச் சொன்னார்: "இந்தாங்க தம்பி. இன்னிக்குக் காலையில எங்க மிஸிஸ் என்கூடக் கோவிச்சுக்கிட்டு சிங்க்ல வச்ச வேகத்துல போனது. கதை வேணும்னா இதுல நெறையவே இருக்கு."

முக்காலியில் ஏறியபோது

பெனடிக்ட் அங்கிளின் சட்டிகள் கல்லைப்போல் கனக்கும். அதுகூடப் பரவாயில்லை. பக்கங்களை அவர் கவனிப்பதே இல்லை. வெளிச்சுவரில் விரல் அடையாளம், கீறல், ஒட்டிய களித்துண்டு, எல்லாம் அப்படியே இருக்கும். "அங்கிள், வெளிப்பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கோ" என்பேன். "பாத்துட்டாப் போச்சு மிஸ்" என்பார். அடுத்ததும் அப்படியேதான் இருக்கும். இவருக்கு இது ஒரு பொழுதுபோக்கு, இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

ஒருநாள் கராஜ் டியூப் லைட் மின்னி மின்னி எரிந்தது. ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்க்கலாம் என்று முக்காலியில் ஏறினேன். இறங்குவதற்காகக் கீழே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மேசையில் அங்கிளின் சட்டிகள் வரிசையாக இருந்தன. மேலிருந்து பார்த்தால் அவை வேறு பொருட்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் விரலால் இழுத்த சுழி அடிவரை இறங்கிப் போயிருந்தது. ஒன்றின் விளிம்பு மெல்லியது, அடுத்ததன் விளிம்பு தடித்தது, அதற்கடுத்தது அதைவிடத் தடித்தது. சிலவற்றின் அடியில் ஒரேயொரு பொட்டு நிறம். யாரோ யோசித்து யோசித்து அடுக்கியதுபோல் வட்டத்துக்குள் வட்டமாக இருந்தன. இத்தனை மாதமும் பக்கத்தில் நின்று பார்த்துப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

எல்லோரையும் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக முக்காலியில் ஏறிப் பார்த்தார்கள். திலகா அன்ரியைப் பர்ஸானாவும் நானும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஏற்றினோம். அங்கிள் வெட்கத்தில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்டேன். அப்படி ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலை செஞ்ச காலம் முழுக்க கிரேன் கேபின்ல குந்திக்கிட்டுத்தான் மிஸ் எல்லாத்தையும் பாத்தேன். கப்பல், லொறி, மனுஷன், எல்லாமே உச்சியிலேருந்துதான். பக்கத்துல நின்னு பாத்தா எது எப்படி இருக்கும்னு எனக்கு இப்பவும் அவ்வளவாப் பிடிபடல" என்றார்.

கை மட்டும் தெரியும்

திலகா அன்ரியில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் பிரச்சினை. போனில் ஒரு கப்பின் படத்தை வைத்துக்கொண்டு செய்வார். படத்திலிருந்து கப் எழுந்து வந்ததுபோல் இருக்கும். வளைவு, பிடி, நிறம், எல்லாம் அச்சு. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அன்ரியின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இருக்காது. சரிபார்த்து முடித்த கடதாசியைப்போல் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுப்பார்.

ஒருநாள் நான், "அன்ரி, இண்டைக்குப் போனைப் பையுக்குள்ள வையுங்கோவன்" என்றேன். வைத்தார். களிமண் உருண்டைக்கு முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும்வரை அப்படியே இருந்தார். அடுத்த கிழமையும் அப்படித்தான். மூன்றாவது கிழமை உருண்டையை ஈரத்துணியால் மூடிவிட்டு எழும்பினார். "உங்களுக்குச் சொன்னா விளங்காது, பிள்ளை. ஆயுள் முழுக்க மற்ற ஆக்கள் சொன்னதைத்தான் நான் எழுதினனான். ஒரு சொல் கூட்டக்கூடாது, ஒரு சொல் குறைக்கக்கூடாது. இப்ப வந்து உங்கட சொந்தத்தைக் கொண்டாங்கோ எண்டா, நான் எங்க போக? என்னட்ட ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த சனிக்கிழமை அவருடைய கதிரை காலியாக இருந்தது.

எனக்கு, படத்தைப் பார்த்தாவது செய்துகொண்டிருந்த மனிஷியை அதையும் செய்யவிடாமல் ஆக்கிவிட்டேனே என்று இருந்தது. பம்பலப்பிட்டியில் அவருடைய பிளட் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தேத்தண்ணீர் ஊற்றி, பிஸ்கற்றும் வைத்தார். களிமண்ணைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. நான் சும்மா கோர்ட்டைப் பற்றிக் கேட்டேன்.

"எத்தினையோ பேரின்ர முகம் நினைவிருக்குமே, அன்ரி?"

"முகமோ? முகம் எங்க பாக்கிறது! தலை குனிஞ்சு எழுதிக்கொண்டெல்லோ இருக்கிறது. என்ர மேசை பதிவு, கூண்டு உயரம். அங்கயிருந்து பாத்தா, சாட்சிக் கூண்டில நிக்கிறவையின்ர கை மட்டும் தெரியும். கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். கை அசைஞ்சா ஆள் கதைக்கப் போகுது எண்டு விளங்கும். நான் பென்சிலைத் தயாராப் பிடிப்பன்." சொல்லிக்கொண்டே மேசை விளிம்பைப் பிடித்துக் காட்டினார். "ஒரு மனிஷி இப்பிடி, விரல் நுனியால மட்டும். ஒரு பெடியன் இப்பிடி, கம்பி கழண்டு போயிடும் எண்டு பயந்தவன் மாதிரி. ஒருத்தர் ஒரு கையை மற்றக் கையால மூடிக்கொண்டு." அவர் காட்டக் காட்ட, அந்த விளிம்பில் ஒவ்வொரு ஆளாக வந்து நின்றுவிட்டுப் போனார்கள். நான் பிஸ்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து போனேன்.

"அன்ரி, இதைச் செய்ய ஏலுமோ?"

"எதை?"

"இப்ப காட்டினதை."

"இது கையெல்லோ. இதில என்ன கிடக்கு?" என்றார். ஆனாலும் சனிக்கிழமை வந்தார். போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு கப் செய்து, பிடி இருக்க வேண்டிய இடத்தில், விளிம்பைப் பிடித்துத் தொங்குகிற ஒரு கையை வைத்தார். விரல் நுனியால் மட்டும் பிடிக்கிற அந்த மனிஷியின் கை. நகம் ஒன்று கோணலாக இருந்தது. அதைத் திருத்தட்டுமா என்று கேட்கப் போனேன், நல்லகாலம், கேட்கவில்லை. நான் நெடுநேரம் குனிந்து பார்த்ததைக் கண்டுவிட்டு அன்ரி எச்சரித்தார்: "இனி முகமும் செய்யச் சொல்லிப் போடாதையுங்கோ, பிள்ளை. முகங்களை நான் பாக்கேல்லை."

சூளைக்குள் ஒரு சத்தம்

நாலு பேரும் செய்ததை வைத்துக் கராஜிலேயே ஒரு சின்னக் கண்காட்சி வைப்பது என்று தீர்மானித்தோம். அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கடற்காற்றோடு மழையும் சேர்ந்தால் வெள்ளவத்தையில் உப்புக்கூடக் கரைந்து ஒழுகும்; களிமண் எங்கே காயும்? பெனடிக்ட் அங்கிள் கண்காட்சிக்கென்றே ஒரு பெரிய தாம்பாளம் செய்திருந்தார். மேலிருந்து பார்க்க, குளத்தில் கல் விழுந்ததுபோல் வளையம் வளையமாக விரியும். அடி மட்டும் நல்ல தடிப்பு. தடவிப் பார்த்தோம், காய்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. சூளையின் மேல் தட்டில் ஏற்றினோம். அதே தட்டில், அதன் பக்கத்தில், அன்ரி ஒவ்வொரு சாட்சியின் கையையும் பிடியாக வைத்துச் செய்த கப்புகள் எல்லாம்.

மறுநாள் காலை குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நின்றபோது கராஜிலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. களிமண் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். உள்ளே ஈரம் இருந்தால் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பாத்திரத்தையே வெடிக்க வைத்துவிடும். தெரிந்தாலும் சூளை ஆறும்வரை திறக்க முடியாது. நாலு பேருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். திறக்கும்போது நாலு பேரும் வந்து நின்றார்கள்.

பர்ஸானாவின் வெள்ளைக் கிண்ணங்கள் கீழ்த் தட்டில் இருந்தபடியால் தப்பியிருந்தன. கவினுடையது உடையவில்லை என்று சொல்லவே தேவையில்லை. மேல் தட்டில் தாம்பாளம் இருந்த இடத்தில் ஒரு குவியல் ஓடு. சிதறிய துண்டுகள் அடித்து அன்ரியின் கப்புகள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. அங்கிள் எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே போய்ப் படியில் இருந்துவிட்டார். "ஹார்பர்ல ஒரு பெட்டியைக்கூட நான் விழ விட்டதில்ல மிஸ். ஒண்ணைக்கூட. இந்த அம்மா செஞ்சதைப் போயி இப்படிப் பண்ணிட்டேனே" என்றார். சூளையை மூடியது நான்தான் என்று சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. கவின் போனை எடுத்தான், பிறகு தானாகவே பொக்கற்றுக்குள் வைத்துவிட்டான். பர்ஸானா சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

திலகா அன்ரி சூளைக்குக் கிட்டப் போனார். ஓட்டுக் குவியலுக்குள் கையை விட்டு எதையோ தேடினார். ஒரு கையை எடுத்தார், களிமண் கையை. கப் போய்விட்டது, கை மணிக்கட்டோடு முழுதாக இருந்தது. தூசியை ஊதினார். இன்னொன்றை எடுத்தார். விரல் ஒன்று மட்டும் போயிருந்தது. அதையும் ஊதினார். கப் விளிம்பைப் பிடிப்பதற்காக வளைத்துச் செய்த விரல்கள் அல்லவா? மேசை விளிம்பில் கொளுவினார், நின்றது. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கொளுவிக்கொண்டே போனார். இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலவும், அவர்கள் மட்டும் எங்கள் கண்ணுக்குத் தெரியாததுபோலவும் இருந்தது. அன்ரி வாசலுக்குப் போய், அங்கிளின் தோளில் தட்டினார்: "பெனடிக்ட், எழும்புங்கோ. கப்பை நான் சும்மா, கையளை வைக்க இடமில்லாமச் செய்தனான். உங்களுக்கு மரவேலை தெரியுமெல்லோ? இதுகள் பிடிக்கிறதுக்கு நல்ல கட்டை ஒண்டு வேணும்."

வீட்டுக்காரி வந்தபோது

கண்காட்சியன்று மழை விட்டிருந்தது. லேன்காரர், சொந்தக்காரர், ஒருவர் சொல்லி ஒருவராகக் கேள்விப்பட்டு வந்தவர்கள் என்று கராஜ் கொள்ளவில்லை. பர்ஸானாவின் உம்மா வெள்ளைக் கிண்ணங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, டிசைன் இனித்தான் போடப் போகிறதா என்று கேட்டார். பர்ஸானா அதற்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. அங்கிளின் சட்டிகளுக்கு முன்னால் முக்காலி போட்டிருந்தோம்; சனம் வரிசையில் நின்று ஏறி இறங்கியது.

அங்கிளின் மனைவி மேரி அன்ரியும் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். முக்காலியில் ஏறிப் பார்த்தார். இறங்கி, இன்னொரு முறை ஏறிப் பார்த்தார். பிறகு கவினின் மேசைக்குப் போனார். அங்கே அவனுடைய உடையாத கிண்ணத்துக்குப் பக்கத்தில், பொன்னிற வரிகளோடு ஒட்டிய ஒரு கப் இருந்தது. மேரி அன்ரி அதைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, புருஷனை ஒரு பார்வை பார்த்தார். பெனடிக்ட் அங்கிள் உடனே சூளையைப் பற்றி யாருக்கோ விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். மேரி அன்ரி கப்பை வைத்துவிட்டுக் கவினிடம் சொன்னார்: "வடிவா ஒட்டியிருக்கீங்க தம்பி. ஏன் உடைஞ்சதுன்னு பக்கத்துல எழுதி வைக்காம விட்டீங்களே, அதுக்குத்தான் உங்களுக்குப் பெரிய நன்றி."

கூண்டில் நின்றவர்கள்

பெனடிக்ட் அங்கிள் பழைய பலாக் கட்டில் ஒன்றின் சட்டத்தைச் சீவி, உரசி, எண்ணெய் பூசி, இடுப்பு உயரத்தில் கம்பிபோல் நிறுத்தித் தந்திருந்தார். அதில் அன்ரியின் கைகள். நிறம் பூசவில்லை, சுட்ட மண் நிறமே போதும் என்றுவிட்டார் அன்ரி. பின்னால் ஒரு வெறும் சுவர். சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தணித்தார்கள். ஒரு பெண் தன் கையை அதில் ஒரு கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அன்ரி கொஞ்சம் தள்ளி ஒரு கதிரையில், யாருடைய கண்ணிலும் படாதவர்போல் இருந்தார்.

பின்னேரம் ஒரு முதிய சட்டத்தரணி வந்தார். ஓய்வுபெற்றுவிட்டாலும் நிமிர்ந்த நடை, கணீரென்ற குரல். அவரைக் கண்டதும் அன்ரி தன்னையறியாமல் எழும்பி நின்றுவிட்டார். அவருடைய வாதங்களைப் பக்கம் பக்கமாக எழுதியவர் அல்லவா? பிறகு அன்ரி என்னிடம் சொன்னார், அவ்வளவு காலத்திலும் அவரோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லையாம். "குட் மோர்னிங் சேர்" என்பதைத் தவிர. சட்டத்தரணி கைகளின் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு நிற்கிற அந்தச் சோடிக் கைகளுக்கு முன்னால் நின்றார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பழைய தோரணையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த ஆள் பொய் சொல்லுறான்" என்றார்.

நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் மெல்ல நடந்து சட்டத்தரணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அந்தக் கணீர்க் குரலுக்குக் கொஞ்சமும் குறையாத குரலில் சொன்னார்: "ஓம் சேர். அவர் உங்கட கட்சிக்காரர்."

மாணவர்களுக்கு அவரவர் குரலைக் கண்டுபிடித்துக் கொடுக்கப் பாடுபடுகிற தோழர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அது கிடைத்துவிட்டால், பிறகு உங்கள் வகுப்பில் கதைப்பதற்கு உங்களுக்கு ஒரு நிமிஷமும் கிடைக்காது.